குழந்தையின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் நம் குடலில் இருப்பதும் ஒன்றா?

நான்கு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவரும் ஒரு தாயின் கேள்வி இது. பையன் பால் குடித்த கையோடு மஞ்சளாக, தண்ணியாகப் போகிறான், சில நாள் ஏழெட்டுத் தடவைகூட. "வயித்துல நல்ல கிருமி போதல, சங்குல ரெண்டு வாய் மோர் ஊத்து" என்கிறார் மாமியார். தான் சாப்பிடும் புரோபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாலில் கலந்து கொடுக்கலாமா என்று இவருக்கு யோசனை. பெரியவர்களுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா குழந்தைக்கும் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறார்.

மோரும் வேண்டாம், கேப்ஸ்யூலும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, எடை சரியாக ஏறுகிறது, ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது என்றால், நீங்கள் சொல்லும் மஞ்சள் தண்ணி மலம் நோயில்லை. அந்த வயதுக்கு உரிய மலமே அப்படித்தான் இருக்கும். உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அது அவருடைய வயதுக்கும் உங்கள் வயதுக்கும் பொருந்தும் நியாயம். நான்கு மாதக் குடலுக்கு வேறு கணக்கு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் கடையில் விற்கும் பாதிப் பொருள்களை நீங்களே தள்ளிவைத்துவிடுவீர்கள்.

பிறக்கும்போது குழந்தையின் குடலில் சொல்லிக்கொள்ளும்படி பாக்டீரியா கிடையாது. பிறந்த சில மணி நேரத்திலேயே குடியேற்றம் தொடங்கிவிடும். முதலில் வந்து சேர்வது ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கும் கூட்டம்: இ. கோலி, என்டரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் வகையறா. பெரியவர்கள் காதில் இந்தப் பெயர்கள் எல்லாம் வியாதியின் பெயர்களாகத்தான் விழும். ஆனால் அந்த முதல் நாள்களில் இவை ஒரு வேலை செய்கின்றன. குடலுக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. அதற்குப் பிறகுதான் ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகும் பாக்டீரியா அங்கே வாழ முடியும். ஆகவே 'நல்லது', 'கெட்டது' என்று நிரந்தரமாக எழுதி ஒட்டிய பட்டியல் எதுவும் குடலுக்குள் இல்லை. எந்த வயதில், எந்தச் சாப்பாட்டோடு, எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

ஆக்சிஜன் தீர்ந்ததும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் ஒரே ஒரு குடும்பம் மேலே வருகிறது: பிஃபிடோபாக்டீரியம். இதை 1899இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே என்பவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அடையாளம் தப்பாது. நீளமான குச்சி, நுனியில் இரண்டாகக் கிளை பிரிந்திருக்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து கிராம் சாயம் (பாக்டீரியாவை ஊதா, சிவப்பு என்று இரண்டாகப் பிரித்துக்காட்டும் சாயம்) ஏற்றிப் பார்த்தால், பல சமயம் புலம் முழுக்க ஊதா நிறக் குச்சிகளாகவே தெரியும், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும் சிவப்பு. பெரியவர் மலத்தை அதே போலப் பார்த்தால் ஊதா, சிவப்பு, உருண்டை, குச்சி, வளைந்தது, சங்கிலி என்று ஒரே கலவை. இரண்டும் ஒரே உறுப்பிலிருந்து வந்தவை என்று நம்பவே சிரமமாக இருக்கும்.

இந்த ஒரு குடும்பம் மட்டும் ஏன் இப்படி ஓங்கி வளர்கிறது? விடை தாய்ப்பாலுக்குள் இருக்கிறது. இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஏறக்குறைய 70 கிராம் லாக்டோஸ், 40 கிராம் கொழுப்பு. மூன்றாவது இடத்தில் இருப்பது புரதம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. 5 முதல் 15 கிராம் வரை ஆலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன, புரதத்துக்குச் சமமாக, சில தாய்மாரிடம் அதைவிட அதிகமாகவே. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். பசும்பாலில் இவை மிக மிகக் குறைவு, வகையும் கொஞ்சம்தான். வியப்பு என்னவென்றால், இந்தச் சர்க்கரையைக் குழந்தையால் செரிக்க முடியாது. அதை உடைக்கும் என்சைம் மனித உடலில் கிடையாது. வயிற்றையும் சிறுகுடலையும் தாண்டி, கிட்டத்தட்ட அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. தாயின் உடல் தன் சக்தியைச் செலவழித்து, பிள்ளைக்குச் செரிக்காத ஒன்றை லிட்டருக்குப் பத்து கிராம் வீதம் செய்து அனுப்புகிறது என்றால் அது யாருக்கு? பிஃபிடோபாக்டீரியத்துக்கு.

அதிலும் பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் இனத்தின் இன்ஃபான்டிஸ் என்ற கிளைவகை இதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துக் குழு 2008இல் இதன் மரபணுத் தொகுதியை முழுவதுமாகப் படித்து வெளியிட்டது. தாய்ப்பால் சர்க்கரைகளைப் பிடித்து உள்ளே இழுக்கவும் வெட்டவும் தேவையான மரபணுக்கள் வரிசையாக ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருப்பதை அதில் பார்த்தார்கள். இன்ஃபான்டிஸ் அந்தச் சர்க்கரைத் தொடரை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டு, செல்லுக்குள் வைத்து ஒவ்வொரு கண்ணியாக வெட்டித் தின்னும். வெளியே ஒரு துணுக்கும் சிந்தாது. அதனால் பக்கத்தில் இருக்கும் இ. கோலிக்கோ கிளெப்சியெல்லாவுக்கோ பங்கு கிடைக்காது. இதன் உறவான பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம் வேறு மாதிரி. அது என்சைமைச் செல்லுக்கு வெளியே நீட்டி வெட்டும், வெட்டிய சர்க்கரையில் ஒரு பகுதி சிந்தும். அதைப் பொறுக்கித் தின்று பிரேவே என்ற இன்னொரு உறவு வளரும். இப்படியாக ஒரு குடும்பமே அந்தப் பாலை நம்பி வாழ்கிறது. சில குழந்தைகளின் குடலில் மொத்த பாக்டீரியாவில் முக்கால் பங்குக்கும் மேல் இவைதான் இருக்கும்.

தின்றதற்குப் பதிலாக இவை வெளியே விடுவது லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும். பெருங்குடல் புளிப்பேறுகிறது. இந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகளுக்குத் தலையெடுக்க முடியாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5க்குப் பக்கத்தில் இருந்தது என்று நூறு வருஷம் முந்தைய மேலைநாட்டுப் பதிவுகள் சொல்கின்றன. அதே நாடுகளில் இப்போது 6.5 வரை ஏறிவிட்டது. காரணம், அங்கே பல குழந்தைகளிடம் இன்ஃபான்டிஸ் வகை அரிதாகிவிட்டது. வங்கதேசம், காம்பியா போன்ற நாடுகளில் இன்னும் தாராளமாகக் காண்கிறார்கள்.

இப்போது பெரியவர்கள் குடலுக்கு வருவோம். அங்கே ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. நம் உடலின் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட ஈடு. நூற்றுக்கணக்கான இனங்கள். பெரும்பங்கு வகிப்பவை பாக்டீராய்டிஸ், பிரிவோடெல்லா, ஃபீகலிபாக்டீரியம், ரோஸ்பூரியா, ருமினோகாக்கஸ் போன்றவை. பிஃபிடோபாக்டீரியம் சில சதவீதத்துக்குச் சுருங்கிவிடும், முதுமையில் இன்னும் குறையும். இருக்கும் சில சதவீதத்திலும் ஆள் மாறிவிடுகிறது. இன்ஃபான்டிஸும் பிரேவேயும் போய், அடோலசென்டிஸ், கேட்டினுலேட்டம் போன்ற இனங்கள் வருகின்றன. இவை தாய்ப்பால் சர்க்கரையை நம்பி இல்லை. மாவுச்சத்தையும் செடிகொடிகளின் நார்ச்சத்தையும் தின்பவை. லேபிளில் வெறுமனே 'பிஃபிடோ' என்று போட்டிருப்பதைப் பார்த்து இது குழந்தைக்கும் ஆகும் என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

வேலையும் மாறுகிறது. பெரியவர்கள் குடலில் சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய பருப்பு, கீரை, தானியத் தவிடு, ஆறிய சோற்றின் கடின மாவுச்சத்து எல்லாம் பெருங்குடலில் நொதித்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறு கொழுப்பு அமிலங்களாகின்றன, தோராயமாக 60க்கு 20க்கு 20 என்ற விகிதத்தில். இதில் பியூட்டிரேட்தான் நம் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையிடம் பியூட்டிரேட் மிகக் கொஞ்சம். அசிட்டேட்டும் லாக்டேட்டும்தான் அதிகம். பெரியவருக்கு இப்படி வந்தால் கவலைப்பட வேண்டியதுதான். குழந்தைக்கு அது சரியான நிலை.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பெரியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் 'குடலில் எவ்வளவு வகை பாக்டீரியா இருக்கிறதோ அவ்வளவு நல்லது' என்று வரும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உண்மை. முதல் ஆறு மாதத்தில் அது தலைகீழ். பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில்தான் வகைகள் அதிகம், பெரியவர் குடலின் சாயலும் அதிகம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் வகைகள் குறைவு. இந்தக் குறைவுதான் பாதுகாப்பு. (பவுடர் பால் கொடுக்க நேர்ந்த தாய்மார்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டாம். பால் சுரக்காமல் போவதும், மருந்து காரணமாக நிறுத்த நேர்வதும் யார் கையிலும் இல்லை. அந்தக் குழந்தைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள். தாய்ப்பாலில் உள்ள ஃபியூகோசில்லாக்டோஸ் போன்ற ஓரிரண்டு சர்க்கரைகளைச் சேர்த்த பவுடர்களும் இப்போது வந்துவிட்டன.)

உங்கள் பையனின் மலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எல்லாமே எழுதியிருக்கிறது. நம் மலம் ஏன் பழுப்பு நிறம்? பித்தத்தில் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைக் குடல் பாக்டீரியா படிப்படியாக மாற்றிப் பழுப்பாக்குகிறது. அந்த மாற்றத்தின் முதல் படியைச் செய்யும் என்சைமை 2024இல்தான் கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் அந்த என்சைம் உள்ள பாக்டீரியா இருக்கிறது. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள் பலரிடம் இல்லை, ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் வந்துவிடுகிறது. ஆகவே பிலிருபின் மாறாமல் மஞ்சளாகவே வெளியே வருகிறது. பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை எளிதில் வருவதற்கான பல காரணங்களில் இதுவும் ஒன்று. மாற்றப்படாத பிலிருபின் குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

வாடையும் அப்படித்தான். பெரியவர் மலத்தின் நாற்றம் புரதத்தைச் சிதைக்கும் பாக்டீரியா விடும் இண்டோல், ஸ்கேட்டோல், கந்தகச் சேர்மங்களால் வருவது. தாய்ப்பால் குழந்தையின் துணியை மோந்து பார்த்த எந்தத் தாய்க்கும் தெரியும், அதில் லேசான புளித்த வாடைதான் இருக்கும். அது அந்த அசிட்டிக், லாக்டிக் அமிலங்களின் வாடை. இளகி, தயிர்த் திப்பி போலச் சின்னச் சின்னத் துகள்களோடு இருப்பதும் இயல்பு. பால் குடித்ததும் போவது, வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையும் அனிச்சைச் செயல். இந்த வயதில் அது பலமாக இருக்கும்.

பச்சைக் குழந்தையின் குடல் நம் குடலைப் போன்றதில்லை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு, கொஞ்சம் பயமுறுத்தும் சான்று. நம் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. குடும்பத்தில் ஒரு பெரியவர் தேனையோ சர்க்கரைத் தண்ணியையோ நாக்கில் தொட்டு வைப்பார். தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். நீங்களும் நானும் அதே தேனை ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. நம் பெருங்குடல், காலையில் கிளம்பும் டவுன் பஸ் மாதிரி, படிக்கட்டு வரை ஆள் நிற்கிறது. புதிதாக வருகிற வித்துக்கு ஏற இடமில்லை, அப்படியே வெளியேறிவிடும். குழந்தையின் குடலில் இடம் காலியாகக் கிடக்கிறது. வித்து அங்கே முளைத்து, பெருகி, நரம்பை முடக்கும் நச்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் பலம் குறைவது, அழுகைச் சத்தம் மெலிவது, கழுத்து நிற்காமல் தொங்குவது. 1976இல் அமெரிக்காவில்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். அரிதுதான். ஆனாலும் உலகம் முழுக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது என்று ஒரே குரலில் சொல்வது இதனால்தான். சேனை வைக்க ஆசைப்படும் பெரியவர்களிடம், தாயின் சீம்பாலையே தொட்டு வைக்கச் சொல்லுங்கள். மரியாதையும் குறையாது, குழந்தைக்கும் நல்லது.

இதற்கு நேர் எதிரான விசித்திரமும் உண்டு. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி ஆன்டிபயாடிக் எடுத்த முதியவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிரையே எடுக்கும். முதல் மாதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை இதைக் குடலில் சுமந்துகொண்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். ஒரே கிருமி, ஒரே உறுப்பு, வயது மட்டும் வேறு.

சிசேரியன் பற்றியும் நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், தமிழ்நாட்டில் அந்தக் கவலைக்கு இடமும் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். பிரிட்டனில் 596 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுகப்பிரசவக் குழந்தைகளுக்குத் தாயின் குடலில் உள்ள பாக்டீராய்டிஸ் போன்றவை வந்து சேர்ந்திருந்தன. சிசேரியன் குழந்தைகள் பலரிடம் பாக்டீராய்டிஸ் இல்லை. பதிலாக என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற ஆஸ்பத்திரிச் சூழலில் திரியும் கிருமிகள் அதிகம் இருந்தன. பிரசவப் பாதையில் உள்ள பாக்டீரியாவைத் துணியில் ஒற்றிக் குழந்தை மேல் தடவும் முறை ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் வந்து சேர்வது பெரும்பாலும் தாயின் குடல் பாக்டீரியாதான் என்று இந்த ஆய்வு காட்டிவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் 2017லேயே, ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீட்டில் யாரும் முயல வேண்டாம். சிசேரியன் ஆன தாய்க்கு என் கையில் இருக்கும் ஒரே யோசனை: முடிந்தவரை சீக்கிரம் பால் கொடுக்கத் தொடங்குங்கள், குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருங்கள், ஆறு மாதம் பால் மட்டும் கொடுங்கள். மாதங்கள் போகப்போக இந்த வித்தியாசம் பெருமளவு மங்கிவிடும். ஆன்டிபயாடிக் தேவையில்லாமல் கொடுக்காமல் இருப்பதும் இதே அளவு முக்கியம். வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது, பிஃபிடோவை அழித்துவிட்டுப் போவதுதான் மிச்சம்.

சரி, குழந்தைக் குடல் எப்போது பெரியவர் குடலாகிறது? அமெரிக்கா, மலாவி, வெனிசுவேலா மூன்று நாட்டு மக்களையும் ஒப்பிட்டு 2012இல் வந்த ஆய்வில், சாப்பாடும் வாழ்க்கையும் எவ்வளவு வேறாக இருந்தாலும் மூன்று இடத்திலும் ஏறக்குறைய மூன்று வயதில் குடல் பாக்டீரியா பெரியவர்களின் சாயலுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 903 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு இதையே மாதக் கணக்கில் பிரித்துச் சொல்கிறது. மூன்றாம் மாதம் முதல் பதினான்காம் மாதம் வரை வேகமான வளர்ச்சி, முப்பதாம் மாதம் வரை மாறுகாலம், அதன் பிறகு நிலைத்துவிடும்.

இணை உணவு தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். சோறும் பருப்பும் புதிய பாக்டீரியாவைக் கொண்டுவருவது உண்மை. ஆனால் பெரிய திருப்பம், தாய்ப்பாலை நிறுத்தும்போது வருகிறது. சுவீடனில் 98 தாய்-சேய் ஜோடிகளைப் பார்த்து 2015இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாப்பாடு கொடுத்துக்கொண்டே பாலும் கொடுத்துவந்தால் பிஃபிடோ தங்கியிருக்கும். பால் நின்றதும் அதன் சாப்பாடு நின்றுவிடுகிறது, நார்ச்சத்தைத் தின்னும் கூட்டம் முழுசாகப் பொறுப்பேற்கிறது. ஆகவே ஆறு மாதத்தில் கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம் எல்லாம் தொடங்கும்போது பாலை வெட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து போகட்டும்.

இந்த மாறுகாலம் தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை டாக்காவில் மிக நுட்பமாகக் கவனித்தார்கள். சத்துக்குறைவான குழந்தைகளின் குடல் பாக்டீரியா அவர்கள் வயதுக்கு ஏற்ற முதிர்ச்சி அடையாமல் பின்தங்கி நின்றது. வழக்கமான சத்துணவு கொடுத்தாலும் அந்த முதிர்ச்சி நீடிக்கவில்லை. ஜெஃப்ரி கார்டன், தஹ்மீத் அகமது என்ற ஆய்வாளர்கள் இருவரின் குழுவும் அந்த வயதுக்கு உரிய பாக்டீரியாவை எந்த உணவு வளர்க்கிறது என்று தேடி, கடைசியில் வந்து நின்ற இடம் நம் அடுப்படி: கொண்டைக்கடலை மாவு, வேர்க்கடலை மாவு, சோயா மாவு, பச்சை வாழைக்காய். டாக்காவின் மீர்பூர் சேரிப் பகுதியில் 12 முதல் 18 மாதம் வரையான 123 குழந்தைகளிடம் மூன்று மாதம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக்குக் கொடுத்த சத்துணவில் கலோரி அதிகம். இருந்தும் எடை வேகமாகக் கூடியது இந்தக் கடலை-வாழைக்காய்க் கலவை சாப்பிட்டவர்களுக்குத்தான். பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்துக் கொடுக்கவில்லை. அதற்கு வேண்டிய சாப்பாட்டைக் கொடுத்தார்கள், அது தானாக வளர்ந்தது. இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து யார் என்னிடம் புரோபயாடிக் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் கேப்ஸ்யூல். பெரியவர் குடலில் புதிய பாக்டீரியா நிலைப்பது கஷ்டம். ஒரு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் வகையைக் கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களிடம்தான் அது ஆறு மாதம் தங்கியது. மற்றவர்களிடம் கொடுப்பதை நிறுத்தியதும் மறைந்துவிட்டது. குழந்தையிடம் கதை வேறு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இன்ஃபான்டிஸை மூன்று வாரம் கொடுத்து நிறுத்திய பிறகும், ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அது மலத்தில் நிறைந்திருந்தது. இடமும் இருந்தது, பாலில் சாப்பாடும் வந்துகொண்டிருந்தது. நல்ல செய்தி போலத்தான் தெரியும். ஆனால் நன்றாக ஒட்டிக்கொள்ளும் இடத்தில் எதைப் போடுகிறோம் என்பதில் கவனமும் கூட வேண்டும். பெரியவர்களுக்காகச் செய்த கேப்ஸ்யூலில் இருக்கும் வகைகள் குழந்தைக் குடலுக்கென்று சோதிக்கப்பட்டவை அல்ல. 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்துத் துறை, குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் புரோபயாடிக் கொடுப்பது பற்றி எச்சரித்தது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த ஒரு குழந்தை, கொடுத்த பொருளில் இருந்த அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்திருந்தது.

அதற்காகக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக்கே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சைக் குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு, இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுகளில் ஒன்று. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் வகை ஒன்றை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையோடு சேர்த்து, பிறந்த சில நாளில் தொடங்கி ஏழு நாள் மட்டும் கொடுத்தார்கள். குழந்தைகள் எல்லோரும் தாய்ப்பால் குடிப்பவர்கள். ரத்தத்தில் நோய்த்தொற்றோ மரணமோ ஏற்பட்ட விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4ஆக இறங்கியது. அதேபோல விடாமல் அழும் வயிற்றுவலிக் குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற ஒரு குறிப்பிட்ட வகை கொடுத்த நான்கு ஆய்வுகளின் தரவை 2018இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் அழுகை குறைந்தது தெரிந்தது. பவுடர் பால் குழந்தைகளிடம் பலன் உறுதியாகவில்லை. இரண்டிலும் குறிப்பிட்ட வகை, குறிப்பிட்ட வயது, குறிப்பிட்ட தேவை. பலன் தெரிந்த இடத்தில் எல்லாம் பின்னால் தாய்ப்பாலும் இருக்கிறது. உங்கள் பையனுக்கு அழுகையும் இல்லை, நோயும் இல்லை. என்னத்தைக் குணப்படுத்தக் கொடுப்பது?

மோர், தயிர் விஷயம். வீட்டுத் தயிரில் இருப்பவை பாலைப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியா. பிஃபிடோ அதில் சாதாரணமாக இருக்காது. தயிர் பாக்டீரியா குடலில் குடியேறுவதும் இல்லை, வழிப்போக்கர்கள்தான். பெரியவர்களுக்கு நல்ல உணவு, சந்தேகமே இல்லை. நான்கு மாதக் குழந்தைக்கு மோர் ஊற்றினால் கூடவே பச்சைத்தண்ணியும், சங்கிலும் கையிலும் உள்ள கிருமியும் போகும். அந்த அளவுக்குத் தாய்ப்பாலும் குறையும். உரைமருந்துக்கும் இதே பதில்தான், ஆறு மாதத்துக்கு முன் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்து சாதம் தொடங்கிய பிறகு, வீட்டில் தோய்த்த புளிக்காத தயிரைக் கொஞ்சம் குழைந்த சாதத்தோடு பிசைந்து கொடுக்கலாம். மாமியார் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் ஓட வேண்டியது எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகப் போவதைவிடத் திடீரென்று பல மடங்கு அதிகமாகத் தண்ணியாகப் போவது, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, உச்சிக்குழி உள்ளிறங்குவது, துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். உண்மையான வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ்., துத்தநாகச் சொட்டு எல்லாம் எவ்வளவு என்று டாக்டர் எடை பார்த்துச் சொல்வார், அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், நாள் கடத்தவே கூடாது. மஞ்சளாக, புளித்த வாடையோடு, பால் குடித்ததும் போகிற உங்கள் பையனுக்கு இது எதுவும் பொருந்தவில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடையை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.